காத்த மறைக்காதடா, மைக்கு

அண்ணா, பச்சை இறங்கிவிட்டான், கபடி லீக்கில், டி.வி.யில், முதுகில் பெரிய எழுத்தில் பேர் போட்ட ஆரஞ்சு ஜெர்சியோடு, நம்ம சிங்கவரத்துப் பச்சையப்பன், உங்கள் கூடப் பிறந்த தம்பி, நேற்று சாயங்காலம் நாடே பார்க்கப் பாடப் போனான்!

இந்த வரியை போனில் நம் கபடிப் பக்கத்தில் போட வேண்டும் என்று எத்தனை தடவை மனசுக்குள் எழுதி அழித்திருக்கிறேன் தெரியுமா. நேற்று போட்டுவிட்டேன். போன் சூடாகிற அளவுக்கு லைக் வந்து விழுகிறது. ஆனால் முதலில் யாரிடம் சொல்லியிருக்க வேண்டுமோ அந்த ஆளின் நம்பர் சும்மா கிடக்கிறது. அதனால்தான் இங்கே வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே என்றால் உங்கள் லோடு ஆட்டோவில், டிரைவர் சீட்டில். நீங்கள் போன பிறகு வண்டியை யாரும் எடுக்கவில்லை. கதவைத் திறந்தால் மல்லாட்டை மூட்டை வாசனை இன்னும் அப்படியே இருக்கிறது. செம்மண்ணும் கடலைத் தோலும் கலந்த அந்த வாசனை. அதோடு பச்சையின் முட்டிக்கு நீங்கள் அடித்துவிடுகிற வலி ஸ்ப்ரே வாசனையும் சீட்டுத் துணியில் ஊறிப்போயிருக்கிறது.

உங்களை முதன்முதலில் பார்த்ததே இந்த வண்டியோடுதான். வல்லத்தில் பொங்கல் கபடி. நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பையன். எனக்குக் கபடி ஆடத் தெரியாது, அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கையில் ஒரு போன், அதை நிற்கவைக்க ஒரு ஸ்டாண்டு, அவ்வளவுதான். வீடியோ வெட்டுவது, பாட்டுச் சேர்ப்பது, லைவ் போடுவது எல்லாம் போனைப் பார்த்தே கற்றுக்கொண்டது. எங்கே நின்றாலும் தலைகள் மறைத்தன. உயரமாக ஓர் இடம் தேடினேன். மைதானத்து ஓரத்தில் உங்கள் வண்டி பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கேட்காமலே ஏறினேன். நீங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "யார்ரா நீ, மூட்ட மாதிரி ஏறி நிக்கற?" என்றீர்கள். லைவ் போடுகிறேன் என்றதும், "அப்ப என் தம்பிய நல்லா காட்டு. அதோ, காலு மட்டும் நீளமா ஒருத்தன் நிக்கறான் பாரு, அவந்தான்," என்றீர்கள்.

காலில் ஒன்றும் போடாமல் செம்மண்ணில் நின்றுகொண்டிருந்தான் பச்சை. கோட்டைத் தாண்டிக் கபடி பாடப் போனதும் அவனுக்கு எலும்பு இல்லாதது போல ஆகிவிட்டது. நான் போனைப் பிடிக்க மறந்துவிட்டேன். அன்றைக்கே நான் அவனுடைய ஆள்.

அன்றைக்குத்தான் அந்தப் பேச்சையும் பேசினேன்.

நீங்கள் டீ குடிக்கப் போனீர்கள். அவன் ஒரே பாட்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தான். நீங்கள் திரும்பி வந்தீர்கள். அடுத்த பாட்டில் அவன் காலைப் பிடித்துவிட்டார்கள். மறுபடி நீங்கள் யாருக்கோ வண்டியை நகர்த்தப் போனீர்கள், அவன் மறுபடி அடித்தான். நீங்கள் வந்தீர்கள், மாட்டினான். நான் லைவில் இருந்தேன். வாய் சும்மா இருக்குமா? "அண்ணன் வந்துட்டாரு, தம்பி அவுட்டு! புண்ணியமாப் போவும், அண்ணன யாராவது டீக்கடைக்கே இட்டுக்கினு போங்கப்பா," என்றேன். வண்டியில் உட்கார்ந்திருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரையும் விட நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். அதை வெட்டி, உங்கள் முகத்தைப் பெரிதாக்கி, ஒரு கோமாளிப் பாட்டுச் சேர்த்துப் பக்கத்தில் போட்டேன். நான் போட்ட வீடியோக்களில் முதலில் ஓடியது அதுதான். 'அண்ணன வெளிய அனுப்பு' என்று கமெண்டு மேல் கமெண்டு. தளவானூரில் நடந்த அடுத்த போட்டிக்கு நீங்கள் வண்டியை விட்டு இறங்கியதுமே, முன்பின் தெரியாத சின்னப் பசங்கள் அதையே கோஷமாகக் கத்தினார்கள்.

அன்றுதான் நீங்கள் வண்டியைப் பின்பக்கமாக மைதானத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, டிரைவர் சீட்டில் ராஜகிரி மலை இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்தீர்கள். பசங்கள் விடவில்லை, சைடு கண்ணாடியில் பார்ப்பார் என்றார்கள். நீங்களே கையை வெளியே நீட்டி இரண்டு பக்கமும் மடக்கினீர்கள். டாஷ்போர்டில் இருக்கிற ரங்கநாதர் படத்தையும் திருப்பி, சாமியை ரோட்டைப் பார்க்க வைத்தீர்கள். ஏன் என்று கேட்டேன். "ராஜா சண்டைக்குப் போம்போதே மொகத்தத் திருப்பிக்கினவருடா நம்ம சிங்கவரத்துப் பெருமாளு. அவரே படுத்துக்கினு இருக்காரு, அவர எதுக்கு டென்ஷன் பண்ணணும்? அவரும் திரும்பியே இருக்கட்டும்," என்றீர்கள். அதற்கும் சிரித்தோம். அன்று பச்சை ஒரு தடவைகூட மாட்டவில்லை. அத்தோடு விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு மேட்சுக்குக்கூட நீங்கள் திரும்பி உட்காரவில்லை.

"நீ சொல்லுடா, நான் கேட்டுக்கறேன்," என்றீர்கள். வண்டியின் மேல் நின்று, கேபினுக்குப் பின்னால் கம்பி போட்ட ஜன்னல் இருக்கிறதே, அதன் வழியாக உங்கள் காதுக்கு நான் சொல்லத் தொடங்கினேன். அதுவரை நான் லைவில் சும்மா "சூப்பர், மாஸ்" என்று கத்திக்கொண்டிருந்தவன். பார்க்காத ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்றால் அது போதாது. எந்தக் கால் முன்னால் இருக்கிறது, மூலையில் நிற்கிறவன் எப்படி உட்கார்ந்திருக்கிறான், பச்சை மூச்சை எங்கே இழுத்தான், எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்ல எனக்கே ஆட்டம் புரிய ஆரம்பித்தது. லைவ் பார்க்கிறவர்களுக்கும் அது பிடித்துப்போய், நம் பக்கம் பெரிதானதே அப்படிச் சொன்னதால்தான். நீங்கள் எனக்கு 'மைக்கு' என்று பேர் வைத்தீர்கள். இன்றைக்கு என்னை வேறு பேரில் யாரும் கூப்பிடுவதில்லை. அண்ணா, அந்தப் பேர், அந்தப் பக்கம், இந்த லைக் எல்லாம் நீங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்ததால் வந்தது.

ஆனால் அந்த ஜன்னல் வழியாக நீங்கள் என்னைத் திட்டிய திட்டு கொஞ்சமா? முக்கியமான பாட்டு போய்க்கொண்டிருக்கும், நான் எக்கி எக்கிச் சொல்லிக்கொண்டிருப்பேன், உள்ளேயிருந்து குரல் வரும்: "காத்த மறைக்காதடா, மைக்கு. தள்ளி நில்லு." மார்கழிக் குளிரிலும் உங்களுக்குக் காற்று வேண்டும். மேட்ச் முடிந்ததும் பச்சையைக் கூப்பிட்டு, "வலது மூலைல போயி போயி மாட்டறியே, கண்ணு தெரியலயா?" என்பீர்கள். அவன் போனது இடது மூலைக்கு. நான் சொன்னதும் இடது என்றுதான். "அண்ணனுக்குக் காதும் தலைகீழாத்தான் கேக்குது," என்று அவன் என்னிடம் கண்ணடிப்பான். நாங்கள் சிரிப்போம்.

பச்சை மேலே ஏறிக்கொண்டே போனான். காலேஜ் டீம், மாவட்டம், பிறகு மாநில ஜூனியர். செம்மண்ணில் ஆடியவனுக்கு மேட் விரித்த தரை முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஷூ போட்ட கால் சிக்கிக்கொண்டது, திரும்பும் இடத்தில் முட்டி பிசகியது. ஒரு மாதம் வீட்டில் படுத்துக்கிடந்து, இனி ஆடவே போவதில்லை என்றான். நீங்கள் பழைய தார்ப்பாயை மாட்டுக் கொட்டகையில் விரித்து, ஷூவை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடலை லோடுக்குக் கிளம்பிவிட்டீர்கள். திரும்பி வரும்போது அவன் தார்ப்பாயில் வழுக்கி வழுக்கித் திரும்பிப் பழகிக்கொண்டிருந்தானாம். அண்ணி சொன்னது.

மேட் ஆட்டமெல்லாம் உள்ளரங்கத்தில். அங்கே வண்டி போகாது. நீங்கள் வெளியே வேப்பமரத்தடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள், நான் உள்ளேயிருந்து சொல்வேன். மாநில ஃபைனலில் பச்சை கடைசிப் பாட்டில் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டான். சொல்ல வந்த எனக்கு அழுகை வந்துவிட்டது. "சொல்லுடா, இன்னா ஆச்சு, சொல்லித் தொலைடா," என்று நீங்கள் கத்தியது எனக்குப் போனிலும் கேட்டது, சுவரைத் தாண்டியும் கேட்டது. உங்களுக்கும் அந்த ஆட்டத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. அந்தச் சுவரைக் கட்டியது என் வாய்.

லீக் டீமின் புது ஆட்டக்காரர் முகாமுக்குப் பச்சையைக் கூப்பிட்டார்கள். கிளம்புவதற்கு முன் வல்லத்தில் ஊருக்காக ஒரு மேட்ச் ஆடிவிட்டுப் போனான். அவனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து வண்டியை நிறுத்தியவர்தான், காய்ச்சல் என்று படுத்தீர்கள். டெங்கு என்றார்கள். விழுப்புரத்தில் சேர்த்தார்கள்.

நான் பார்க்க வந்த அன்று நீங்கள் தெளிவாகத்தான் இருந்தீர்கள். அதனால்தான் எனக்கும் பயம் வரவில்லை. மாநில ஃபைனல் வீடியோவை எடுத்து நீட்டினேன். முடிஞ்ச மேட்ச்சுண்ணா, இதப் பாத்தா இன்னா ஆவப்போவுது என்றேன். நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

"அவன் முகாம்ல இருக்கான்டா. இன்னும் டீம் சொல்லல. இப்பப் போயி நான் பாத்து எதாவது ஆயிட்டா? டி.வி.ல வருவான் இல்ல, மொத மேட்ச்ச ஒண்ணா உக்காந்து பாத்துக்கலாம். இப்ப நீ சொல்லு."

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான். அண்ணா, அது நான் சிரிக்கிறதுக்காகச் சொன்னது, உங்கள் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, பாருங்கள், உங்கள் தம்பி என்னமாய் ஆடுகிறான் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அண்ணா, அதற்குள் எனக்கும் அது உண்மையாகிப் போயிருந்தது. நீங்கள் பார்த்து, டீமில் அவன் பேர் இல்லாமல் போய்விட்டால்? நானே கிளப்பிவிட்ட பேச்சுக்கு நானே பயந்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த ஆட்டத்தை உங்கள் காதுக்குச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். டிரிப் ஏற்றாத கை, போர்வைக்கு மேல் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். உங்களுக்குப் பின்னால்தான் டீம் வந்தது, அதில் அவன் பேரும் இருந்தது.

நேற்றுக்கு வருகிறேன்.

உங்கள் வீட்டில்தான் பார்த்தோம். அண்ணி, உங்கள் நைனா, தெருவில் பாதிப் பேர். டி.வி.யை வாசலுக்கு நேராக இழுத்து வைத்து, கதவை விரியத் திறந்து போட்டிருந்தார்கள். நான் உள்ளே அண்ணியின் பக்கத்தில் உட்காரக் கூசிக்கொண்டு ஓரமாக நின்றேன். முதல் பாதி முழுக்கப் பச்சை பெஞ்சில். இரண்டாம் பாதியில் ஒரு ஆளுக்கு அடிபட்டதும் அவனை இறக்கினார்கள். தெருவே எழுந்து நின்றது. கோட்டைத் தாண்டினான். மண்ணில் பார்த்த அதே கால்கள். மூலையில் நின்றவன் காத்திருந்து கணுக்காலைப் பிடித்தான். அவுட்டு.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், யாரோ எதிர்வீட்டுப் பையன், சும்மா, சிரிப்புக்குத்தான் சொன்னான்: "மைக்கு பாத்துட்டாருப்பா. அவர வெளிய அனுப்புங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த வசனம், என் மேலேயே வந்து விழுந்தது. சிரித்தபடிதான் வெளியே வந்தேன் என்று நினைக்கிறேன். எங்கே போவது என்று தெரியவில்லை. உங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது, மூட்டை இறக்க வசதியாக நீங்கள் எப்போதும் நிறுத்துகிற மாதிரி, பின்பக்கம் வாசலைப் பார்த்து. கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி மேல் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன், அந்த சீட்டில் உட்கார்ந்தது நேற்றுத்தான் முதல் தடவை. இதுதான் எனக்கு சரியான இடம் என்று தோன்றியது.

ரங்கநாதர் படம் இன்னும் ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வல்லத்திலிருந்து வந்த களைப்பில் சாமியைத் திருப்பி வைக்க மறந்திருக்கிறீர்கள். சட்டத்தின் பின்பக்கம் தூசி படிந்து தகரம் மாதிரி தெரிந்தது. திருப்பி வைக்கலாம் என்று கையை வைத்தேன். விரல் பட்ட இடத்தில் தூசி விலகியது. அந்த இடத்தில் ஒரு கண் தெரிந்தது. என் கண்.

சட்டையால் துடைத்தேன். உள்ளங்கை அளவு முகம் பார்க்கும் கண்ணாடி, நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. அதில் என் காது, காதுக்குப் பின்னால் கம்பி ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் உங்கள் வீட்டு வாசல், வாசலுக்குள்ளே விரல் நகம் அளவு வெளிச்சமாக டி.வி. மற்ற நாளில் சாமி உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார், பின்னால் ஒட்டிய கண்ணாடி, வண்டி முன்பக்கத்து ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மேட்ச் நாளில் சாமி திரும்பிக்கொள்வார், நீங்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பீர்கள்.

அண்ணா, காத்த மறைக்காதே என்று நீங்கள் கத்தியது காற்றுக்கு இல்லை. வலது மூலை என்றது காதுக் கோளாறு இல்லை. கண்ணாடியில் பார்த்தால் இடது வலதாகத்தானே தெரியும்.

அதற்குள் உள்ளே சத்தம் எழுந்தது. பச்சையை மறுபடி உள்ளே எடுத்திருந்தார்கள், மறுபடி பாடப் போனான். நான் திரும்பவில்லை. கண்ணாடியிலேயே பார்த்தேன். நகம் அளவு மேட் மேல் எறும்பு அளவு ஆரஞ்சு. கண்ணில் பட்டது பாதி, டி.வி. சொல்லிக் காதில் விழுந்தது பாதி, என்னை அறியாமல் வாய் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. "வலது கால் முன்ன இருக்குதுண்ணா, மூலைக்காரன் குனியறான், பச்சை போற மாதிரி காட்டறான், போவல, திரும்பறான், தொட்டுட்டான், தொட்டுட்டாண்ணா." தெருவே கத்தியது. லீக்கில் அவனுடைய முதல் பாயிண்டு. காலியான வண்டியில் யாருக்கோ சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேட்ச் தோற்றுவிட்டோம். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கூட்டம் கலைந்ததும் அண்ணி வண்டியருகே வந்தார். நான் படத்தைக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"என் பவுடர் கண்ணாடிடா அது. காணோம்னு தேடிக்கினு இருந்தேன். கேட்டா, கண்ணாடில பாத்தா பாத்ததா ஆவாதுன்றாரு. அவருக்குன்னு ஒரு சட்டம்."

நான் தலையைக் குனிந்துகொண்டு, எல்லாம் என்னால்தான் அண்ணி என்றேன்.

"உன்னாலதான்," என்றார். பிறகு சிரித்தார். "பாதி நேரம் உன் முதுகுதான்டா தெரிஞ்சுதாம். வந்து சாப்டும்போது அதயே சொல்லிக்கினு இருப்பாரு. தள்ளி நில்லுன்னா நிக்கவே மாட்டான், எக்கி எக்கிக் குதிக்கறான், ஆனா பாவம் நல்லா சொல்றான்னு."

அண்ணி உள்ளே போன பிறகும் நான் சீட்டை விட்டு இறங்கவில்லை. உங்கள் தம்பியை நீங்கள் பார்க்கவே இல்லை என்று இத்தனை நாள் என்னைக் குத்திக்கொண்டிருந்தது. பார்த்திருக்கிறீர்கள். ஆனால் எவ்வளவு? செம்மண் ஆட்டம் மட்டும், உள்ளங்கை அளவு, இடம் வலமாக, அதிலும் பாதியை மறைத்துக்கொண்டு நான். மேட் மேல் அவன் ஆடியது ஒன்றுகூட இல்லை. ஆறுதல் என்று எடுத்துப் பார்த்தால் அதற்குள்ளும் என் முதுகு தெரிகிறது. ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விழுங்கிய பேச்சு இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது. அதை இனி யாருக்குச் சொன்னாலும் அது உங்களுக்குச் சொன்னதாகாது. பார்க்காத ஒருவருக்குச் சொல்கிற மாதிரி ஆட்டத்தைச் சொல்லும் பழக்கமும் போகப்போவதில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இனி மைக்கைப் பிடிக்க வேண்டும்.

பச்சையிடம் இன்னும் கண்ணாடியைப் பற்றிச் சொல்லவில்லை. போனில் சொல்கிற விஷயமா அது? ஊருக்கு வரட்டும், இந்த சீட்டில் உட்கார வைத்துக் காட்டுகிறேன்.

இந்த மடலை நம் பக்கத்தில் போடப்போகிறேன், அண்ணா. அதனால் இனிமேல் வருவது நம் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு.

சனிக்கிழமை பச்சைக்கு அடுத்த மேட்ச். சிங்கவரம் பள்ளிக்கூட மைதானத்தில் திரை கட்டுகிறோம். செஞ்சி, வல்லம், தளவானூர், எங்கே இருந்தாலும் வாருங்கள், வர முடியாதவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அண்ணனைக் கிண்டல் செய்து போட்ட வீடியோவை நான் நீக்கிவிட்டேன். போனில் வைத்திருக்கிறவர்கள் அழித்துவிட்டு வாருங்கள், மனசு வரவில்லை என்றால் அழிக்காமலாவது வாருங்கள். பச்சை மாட்டினால் மாட்டட்டும், யார் பார்த்ததால் என்று யாரும் கேட்க வேண்டாம். உங்கள் கண்ணை நேராகத் திறந்து பாருங்கள், பக்கத்தில் இருக்கிறவரையும் பார்க்க விடுங்கள். அண்ணனின் வண்டியை நான்தான் கொண்டுவருவேன், பின்பக்கம் திரையைப் பார்க்க நிறுத்துவேன், சாமியை ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைப்பேன். டிரைவர் சீட்டு காலியாக இருக்கும். நான் ஓரமாகத் தரையில் நின்றுதான் சொல்வேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வண்டிக்கும் திரைக்கும் நடுவில் மட்டும் யாரும் நிற்காதீர்கள்.

காத்த மறைக்காதீங்க.